அவத் பொன் எந்த மண்ணில்?

ஹூக்ளி ஆறு நாம் கூடியிருக்கும் இந்தக் கொல்கத்தாவைக் கடந்து திரும்பும் வளைவில் இருக்கிறது கார்டன் ரீச். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தோட்ட பங்களாக்கள் கட்டிக்கொண்டதால் வந்த பெயர் அது. அதையொட்டிய பகுதிக்கு மட்டியாபுருஜ் என்று அதைவிடப் பழைய பெயர் உண்டு. ஆற்றைக் காவல் காக்க எழுப்பிய மண் கோபுரம் என்பது அதன் பொருள். அந்த இடத்துக்கு 1856 மே மாதம் நீராவிப் படகில் வந்து இறங்கினார் அவத் நாட்டின் கடைசி அரசர் வாஜித் அலி ஷா. லக்னோவில் அரியணையை இழந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 1887 செப்டம்பர் 21-ஆம் நாள் இங்கேயே இறந்தார். சிப்தைனாபாத் இமாம்பாரா என்ற ஷியா மண்டபத்தில் அடக்கமாகியிருக்கிறார். முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் அரசரும் அவருடைய ஊரும் இருந்த கரையில் இன்று கப்பல் கட்டும் தளமும் ரயில்வே தலைமையகமும் தையற்கடைச் சந்துகளும் இருக்கின்றன. இந்தியாவிலேயே பெருஞ்செல்வம் படைத்த அரசுகளில் ஒன்றின் தலைவர் வாழ்ந்த இடத்தில் அரண்மனை எங்கே, பொன் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியாது. இப்படிப்பட்ட கேள்விக்கு நம் நாட்டில் ஆயத்தமாக ஒரு விடை எப்போதும் காத்திருக்கும்: எங்காவது புதைத்திருப்பார்கள், பூதம் காத்துக்கொண்டிருக்கும். அந்த விடை எங்கிருந்து பிறக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வம் காகிதத்தின் வழியாக வெளியேறிய நாட்டில்தான், அது மண்ணுக்குள் போனது என்ற கதை வலுவாக வேரூன்றுகிறது. அவத் அதற்கு மிகத் தெளிவான சான்று.

அந்தக் கதை எவ்வளவு வலுவானது என்பதை 2013-ஆம் ஆண்டு நாடே பார்த்தது. பழைய அவத் நாட்டைச் சேர்ந்த உன்னாவ் மாவட்டத்தில் கங்கைக் கரையில் தௌண்டியா கேடா என்றொரு சிற்றூர். 1857 எழுச்சியில் பங்கெடுத்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட ராம் பக்ஷ் சிங்கின் இடிந்த கோட்டை அங்கே இருக்கிறது. அந்த அரசர் தம் கனவில் வந்து, கோட்டைக்கு அடியில் 1,000 டன் தங்கம் இருப்பதாகச் சொன்னார் என்று ஒரு சாமியார் அறிவித்தார். நிலவியல் ஆய்வுத் துறை நிலத்தடியில் ஏதோ வேறுபாடு தெரிவதாகச் சொல்ல, அக்டோபர் 18 அன்று இந்தியத் தொல்லியல் துறை மண்வெட்டியை எடுத்தது. தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. தின்பண்டக் கடைகள் முளைத்தன. ஒரு மாதம் கழித்துத் தோண்டுவது நின்றது. கிடைத்தவை பானை ஓடுகள், வளையல் துண்டுகள், இரும்பு ஆணிகள், பழைய அடுப்பின் தடயம். மனிதர் வாழ்ந்ததற்கு அவையெல்லாம் அருமையான சான்றுகள். ஆனால் அவற்றைப் பார்க்க யாரும் வரவில்லை.

அந்த 1,000 டன்னைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு இந்திய ரிசர்வ் வங்கியின் கையிருப்பில் இருந்த தங்கமே சுமார் 558 டன்தான். 1850-களின் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு பொன் மொஹரில் ஏறக்குறைய 10.7 கிராம் தூய தங்கம். மதிப்பு 15 ரூபாய். அப்படியானால் 1,000 டன் என்பது சுமார் 140 கோடி ரூபாய். அவத் நாடு முழுவதற்குமான ஆண்டு வருமானத்தைத் தாராளமாக ஒன்றரைக் கோடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தால்தான் அந்தத் தொகை வரும். ராம் பக்ஷ் சிங்கோ அந்த நாட்டில் ஒரு பகுதியை ஆண்ட தாலுக்தார். பென்சிலும் காகிதமும் எடுத்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே உடைந்துவிடும் கதை இது. ஆனாலும் அரசுத் துறை ஒன்று ஒரு மாதம் அதை நம்பித் தோண்டியது. மக்களின் அறியாமை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எதையோ இழந்தோம் என்ற நினைவு அங்கே உண்மையாகவே இருக்கிறது. இழந்தது எப்படி என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்கு நாம் 1782-க்குப் போக வேண்டும். நவாப் ஷுஜா உத் தௌலா இறந்தபின் அவருடைய மனைவி பஹு பேகமும் தாயாரும் பைஜாபாதில் இருந்தார்கள். அந்தப்புரத்துக்குள் அளவற்ற செல்வம் மறைந்திருக்கிறது என்ற பேச்சு கல்கத்தா வரை எட்டியது. கம்பெனியின் தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸுக்குப் பணமுடை. ஷுஜாவுக்குப் பின் வந்த நவாப் கம்பெனிக்குக் கடன்பட்டிருந்தார். படை பைஜாபாதைச் சூழ்ந்தது. பேகம்களின் நம்பிக்கைக்குரிய அதிகாரிகள் ஜவாஹர் அலி கானும் பஹார் அலி கானும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 55 லட்சம் ரூபாய் அளவுக்கு வெளியே வந்தது. இந்தப் 'புதையலை' எடுக்க யாரும் எங்கும் தோண்டவில்லை என்பதைக் கவனியுங்கள். வைத்திருப்பவர் யார் என்று தெரியும். அவருக்கு வேண்டியவர்களைப் பிடித்து வைத்தால் பெட்டி தானாகத் திறக்கும். 1787-இல் உறுப்பினர் ஷெரிடன் லண்டன் மக்களவையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியது இந்த அநியாயத்தைப் பற்றித்தான். பேச்சைக் கேட்டு அவை நெகிழ்ந்தது, வழக்கு நடந்து ஹேஸ்டிங்ஸ் கடைசியில் விடுதலையானார், பணம் திரும்பவில்லை.

வன்முறையால் வாங்கியது அது. அடுத்த தலைமுறையில் முறை மாறியது. என் பார்வையில் கதையின் மையம் இதுதான். 1814-இல் காஜி உத் தீன் ஹைதர் பட்டத்துக்கு வந்தார். கம்பெனி நேபாளத்தோடு போருக்குப் போனபோது அவரிடமிருந்து கோடிக்கணக்கில் கடன் வாங்கியது. 1825-இல் பர்மாப் போருக்கு இன்னொரு கோடி. இந்தக் கடனுக்கு ஒரு விசித்திரமான நிபந்தனை இருந்தது: அசலை எப்போதும் திருப்பித் தர வேண்டியதில்லை, ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை மட்டும் என்றென்றைக்கும் தர வேண்டும். அந்த வட்டி அரசர் குறித்த மனைவியருக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் உதவித்தொகையாகப் போகும். அவர்களுக்குப் பின் அதில் ஒரு பகுதி இராக்கிலுள்ள நஜஃப், கர்பலா புனிதத் தலங்களுக்குச் சேரும். வெள்ளி ரூபாய் ஒன்று ஒரு தோலா எடை. ஒரு கோடி ரூபாய் என்றால் 100 டன்னைத் தாண்டும் வெள்ளி. அவ்வளவும் லக்னோ கருவூலத்தை விட்டுக் கம்பெனிக் கணக்குக்குப் போனது. பதிலுக்குக் கிடைத்தது ஓர் ஒப்பந்தக் காகிதம். லக்னோவாசி எவரும் இதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. கொள்ளை என்றால் கூச்சல் இருக்கும், தீ இருக்கும், சாட்சி இருக்கும். கடன்பத்திரத்துக்கு ஒரு கையெழுத்தும் முத்திரையும் போதும்.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று எழும். நவாப் மனமொப்பிக் கொடுத்த கடன். கம்பெனி வட்டியை ஒழுங்காகக் கட்டியது. அரசு போனபின்னும் கட்டியது. இதில் அநியாயம் எங்கே என்று கேட்கலாம். வட்டி வந்தது உண்மை. இன்னும் வருகிறது, வசிகா என்ற பெயரில் லக்னோ அலுவலகத்தில் இன்றும் வாரிசுகளுக்கு வழங்கப்படுகிறது. ஆனால் கடன் கேட்டவனுடைய படை, கொடுத்தவனுடைய தலைநகரில் முகாமிட்டிருக்கும்போது 'மனமொப்பி' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? 1825-இல் கடன் வாங்கிய அதே கம்பெனி, 31 ஆண்டுகள் கழித்து, ஆட்சி சரியில்லை என்று காரணம் காட்டி, கடன் கொடுத்த குடும்பத்தை அரியணையிலிருந்து இறக்கியது. நாடு வசதியாக இருந்தால் அதன் பணம் கடனாகப் போகும். பணம் போய் நாடு தளர்ந்தால் அந்தத் தளர்ச்சியே நாட்டைப் பறிக்கக் காரணமாகும். வட்டி ரூபாயில் நிலைத்துவிட்டது. விலைவாசி நிற்கவில்லை, வாரிசுகள் பெருகுவதும் நிற்கவில்லை. இன்று சிலருக்குக் கிடைக்கும் பங்கு ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூடப் போதாத சில்லறை. அந்த வெள்ளியை உண்மையாகவே ஒரு குழியில் போட்டு மூடியிருந்தால் அதன் எடையாவது குறையாமல் இருந்திருக்கும்.

அப்படியானால் அவத் வரலாற்றில் யாருமே எதையுமே புதைக்கவில்லையா? புதைத்தார்கள். அது நன்றாகப் பதிவான நிகழ்ச்சி. புதைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1857 கோடையில் லக்னோவில் எழுச்சி நெருங்குவதை உணர்ந்த ஆங்கிலேயத் தலைமை அதிகாரி ஹென்றி லாரன்ஸ், கருவூலப் பணத்தை ஆங்கிலேயரின் இருப்பிடமான ரெசிடென்சி வளாகத்துக்குள் கொண்டுவந்து, கட்டடத்தின் முன்பக்கத்து நிலத்தில் புதைக்கச் செய்தார். 23 லட்சம் ரூபாய். வெள்ளி நாணயமாக வைத்துக் கணக்கிட்டால் 26 டன்னுக்கு மேல். கைசர்பாக் அரண்மனையிலிருந்த அரச நகைகளும் ரெசிடென்சிக்கு எடுத்துச்செல்லப்பட்டன. அரசரோ அப்போது இங்கே, வில்லியம் கோட்டையில் கைதி. ஜூன் 30-இல் முற்றுகை தொடங்கியது. சில நாளில் லாரன்ஸ் குண்டடிபட்டு இறந்தார். புதைத்தவர் இறந்துவிட்டார், இடமெல்லாம் பீரங்கிக் குண்டு விழுந்து சிதைந்துவிட்டது. புதையல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான களம் வேண்டுமா? ஆனால் கதை பிறக்க வழியில்லை. புதைத்த இடம் பலருக்குத் தெரியும், கணக்கு எழுத்தில் இருந்தது. நவம்பரில் ரெசிடென்சியைக் காலி செய்தபோது பணத்தைத் தோண்டி எடுத்து, நகைகளோடு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஐந்து மாதப் புதையல் அது. மண்ணுக்குள் போனதும் வெளியே வந்ததும் இரண்டும் ஏட்டில் உண்டு.

மறு ஆண்டு மார்ச் மாதம் கைசர்பாக் விழுந்தபோது நடந்ததற்கு அப்படியொரு ஒழுங்கு கிடையாது. டைம்ஸ் பத்திரிகையின் நிருபர் வில்லியம் ரஸ்ஸல் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். சரிகை வேலைப்பாடு செய்த துணிகளைப் படைவீரர்கள் நெருப்பில் போட்டு எரித்தார்கள், உருகும் பொன்னும் வெள்ளியும் மட்டும் போதுமென்று. விலைமதிப்பற்ற கல் பதித்த ஆரம் ஒன்றை ஒரு சிப்பாய் சொற்ப விலைக்கு நீட்டியபோது, கையில் ரொக்கம் இல்லாததால் ரஸ்ஸலால் வாங்க முடியவில்லை. ஒரு தலைமுறைத் தறிக்காரர்களின் உழைப்பு ஒரு பிற்பகலில் உலோகக் கட்டியானது. அவத் பொன்னில் ஒரு பங்கு போன வழி இது: சிப்பாய்களின் பைகளிலும் அதிகாரிகளின் பெட்டிகளிலும் கடல் கடந்தது.

எஞ்சியதை மட்டியாபுருஜில் பார்க்கலாம். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் உதவித்தொகை வாங்கிய அரசர் கொஞ்சமாவது ஒளித்து வைத்திருப்பார் என்று தோன்றலாம். அந்த ஊரில் வளர்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் விட்டுச்சென்ற விவரங்கள் அதற்குப் பதில் சொல்கின்றன. பட்டுச் சிறகு கொண்ட புறா ஒரு ஜோடி 24,000 ரூபாய். வெள்ளை மயில் ஒரு ஜோடி 11,000 ரூபாய். விலங்குகளைப் பராமரிக்க 800 பேர், புறாக்களுக்கு மட்டும் 300 பேர், மீன்களுக்கு 80 பேர், பாம்புகளுக்கு முப்பது நாற்பது பேர். ஆளுக்கு மாதம் ஆறு ரூபாயிலிருந்து பத்து ரூபாய் வரை சம்பளம். விலங்குகளின் தீனிக்கே மாதம் 9,000 ரூபாய் அளவுக்குச் செலவு. இதோடு இசைக்காரர், சமையல்காரர், எழுத்தர், காவலர், மனைவியர், பிள்ளைகள் என்று நாற்பதாயிரம் பேர் கொண்ட சின்ன லக்னோ ஒன்று ஆற்றங்கரையில் எழுந்தது. ஊதாரித்தனம் என்று அன்றைய அதிகாரிகள் எழுதினார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாட்டை இழந்தவர், கையில் வந்ததையெல்லாம் தம்மோடு வந்த மனிதர்களின் வயிற்றுக்கும் தொழிலுக்கும் கொடுத்திருக்கிறார். அவர் இறந்ததும் அந்தச் சொத்தை நிர்வகிப்பதற்கென்றே அரசு 1887-இலும் 1888-இலும் தனிச் சட்டங்கள் போட்டது. கட்டடங்கள் கைமாறின, இடிந்தன, விலங்குகள் விலைபோயின, கூட்டம் கலைந்தது. புதைப்பதற்கு மிச்சம் இருந்திருந்தால் கடன்காரர்கள் முதலில் கண்டுபிடித்திருப்பார்கள்.

இப்போது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்விக்கு வருகிறேன். மண்ணுக்கடியில் பொன் கிடைப்பது பொய்யா? நிச்சயமாக இல்லை. இந்த நகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1783-இல் காளிகாட்டில் ஒரு பித்தளைப் பானையில் 200-க்கு மேற்பட்ட குப்தர் காலப் பொற்காசுகள் கிடைத்தன. இந்நகரத்துச் செல்வந்தர் நபகிருஷ்ண தேவ் அவற்றை ஹேஸ்டிங்ஸிடம் கொடுத்தார். ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு அனுப்பினார். சில அருங்காட்சியகங்களுக்குப் போயின, மீதியை உருக்கினார்கள். ராஜஸ்தானத்துப் பயானாவில் 1946-இல் கிடைத்த குப்தர் காசுகளில் 1,821 மீட்கப்பட்டன. நம் திருவானைக்காவலில், 2020 பிப்ரவரியில், கோயிலுக்குச் சொந்தமான நிலத்தைச் சீர்செய்யத் தோண்டியபோது ஒரு பானையில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. மொத்த எடை 1.716 கிலோ.

இந்த உண்மைகள் என் வாதத்துக்கு வலுவே சேர்க்கின்றன. எடையைப் பாருங்கள்: கதையில் 1,000 டன், மண்ணில் 1.716 கிலோ. உண்மையில் புதைத்தவர்கள் பெரும்பாலும் ஒரு குடும்பமோ ஒரு வணிகரோ ஒரு கோயில் காரியக்காரரோ. ஒரு பானை கொள்ளுமளவுதான் அவர்களால் புதைக்க முடியும், ஏனென்றால் இரவோடு இரவாக, வெளியாள் உதவியின்றிச் செய்யும் வேலை அது. இரண்டாவதாக, இவற்றைப் பற்றி முன்கூட்டி எந்தக் கதையும் இல்லை. கதை இருந்திருந்தால் பானை அங்கே இருந்திருக்காது. மறைத்தவர் சொல்லாமல் போய்ச் சேர்ந்ததால்தான் காசு தப்பியது. ஆகவே புகழ்பெற்ற புதையலுக்கும் கிடைத்த புதையலுக்கும் தொடர்பே இருப்பதில்லை. வங்கி இல்லாத காலத்தில் மண்தான் ஏழைக்கும் நடுத்தரக்காரனுக்கும் பெட்டகம். அரசர்களுக்குக் கருவூலம் இருந்தது, காவல் இருந்தது, கணக்குப்பிள்ளை இருந்தார். 1878-இல் வந்த இந்தியப் புதையல் சட்டமும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்! வாஜித் அலி ஷாவின் பாம்புக் காவலர் பெறக்கூடிய அதிகபட்ச மாதச் சம்பளம். சட்டம் எழுதியவர்கள் மண்ணுக்கடியில் எதிர்பார்த்தது அந்த அளவைத்தான்.

உலகெங்கும் கடற்கொள்ளையர் புதையல் கதைகளுக்கு மூலவித்தாக இருக்கும் வில்லியம் கிட் விவகாரமும் இதையே சொல்கிறது. அதில் வங்காளத்துக்கும் பங்குண்டு. 1698 ஜனவரியில் வங்காளத்திலிருந்து சூரத்துக்குத் துணியும் சர்க்கரையும் ஏற்றிச்சென்ற குவேதா மெர்ச்சன்ட் கப்பலை மேற்குக் கடற்கரைக்கு அப்பால் அவன் பிடித்தான். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கார்டினர்ஸ் தீவில், நிலச் சொந்தக்காரருக்குத் தெரிந்தே, ஒரு பகுதியைப் புதைத்தான். சில வாரங்களில் ஆளுநர் ஆளனுப்பித் தோண்டி எடுத்து, பட்டியல் போட்டு, லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1701-இல் கிட் தூக்கில் தொங்கினான். சரக்கு விற்ற பணம் கிரீனிச் மருத்துவமனைக்குப் போனது. முந்நூறு ஆண்டுகளாகக் கரை கரையாகத் தேடுகிறார்கள். பட்டியலோ ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கப்பலைப் பறிகொடுத்த வணிகர்களைத் தேடுவோர் ஒருவரும் இல்லை.

கதையால் என்ன கெடுதல், ஏழைகள் கனவு காணட்டுமே என்று சிலர் நினைக்கலாம். கெடுதல் இருக்கிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். செல்வம் மண்ணில் இருக்கிறது என்றால், அதை எவரும் எடுக்கவில்லை என்றாகிறது. எடுத்தவர்மேல் இருக்க வேண்டிய பார்வை பூதத்தின்மேல் போய்விடுகிறது. தமிழ்நாட்டிலும் இதற்கு இணை உண்டு. அவத் போவதற்கு ஓராண்டு முன், 1855-இல், தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கம்பெனி அரசை மட்டுமின்றி அவருடைய தனிச் சொத்தையும் முத்திரையிட்டு எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் மாளிகைக்குள்ளே அமர்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வென்றார். 1859-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சொத்து எடுக்கப்பட்டதை நீதிபதிகள் மறுக்கவில்லை. ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் செய்த செயல் இது, இதைச் சரியென்றோ தவறென்றோ சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்றார்கள். பின்னர் சொத்து திரும்பி வந்தது, உரிமையாக அல்ல, அரசின் கருணையாக. தஞ்சை அரண்மனை நகைகள் எந்தக் கிணற்றுக்குள் கிடக்கின்றன என்று கேட்பவருக்கு இந்தத் தீர்ப்பை எடுத்துக் கொடுக்கலாம். யார் எடுத்தார், எந்த நாள் எடுத்தார், எந்தச் சொல்லால் நியாயப்படுத்தினார், எல்லாமே அதில் அச்சாகியிருக்கிறது.

வாஜித் அலி ஷாவின் தாயார் மலிகா கிஷ்வரும் அப்படித்தான் வழக்காடப் புறப்பட்டார். திரையை விட்டு வெளியே வராத அந்தப் பெண்மணி, 1856-இல், இந்த நகரத்திலிருந்து கப்பலேறி, விக்டோரியா அரசியிடம் நேரில் முறையிட லண்டன் போனார். பயன் கிட்டவில்லை. ஊர் திரும்பும் வழியில், 1858 ஜனவரியில், பாரிஸில் இறந்தார். பேர் லஷேஸ் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.